எஞ்சின் நிற்கும்போது வந்த சத்தம்

ஜூலை 1, சனி

மாதத்தின் முதல் சனிக்கிழமை. 'ஒன்னு ஒன்னு ஏழு' என்று எண் போட்ட எங்கள் பழைய விமானத்தை ஓட்டும் நாள்.

ஓட்டுவது என்றால் பறக்கவிடுவது இல்லை. அது பறந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்து, வாலைத் தரையில் பதித்த இரும்பு வளையத்தோடு கட்டிவிட்டு எஞ்சினை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுவோம். ஓட்டாமல் போட்டால் உள்ளே துருவேறிச் செத்துவிடும். பெயர்ப்பலகை மாட்டிப் பெயின்ட் அடித்து நிறுத்திய விமானத்தைப் பார்ப்பதற்கு நான் எதற்கு ரெண்டு பஸ் மாறி இந்த அருங்காட்சியகத்துக்கு வரவேண்டும்? அதற்கு ஒரு காலண்டர் போதும்.

நாங்கள் நான்கு பேர். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. நான் நஞ்சப்பன், விமானப்படையில் முப்பத்தோரு வருடம் எஞ்சின் வேலை பார்த்து மாஸ்டர் வாரண்ட் ஆபீசராக ஓய்வுபெற்றவன். ஓட்டும்போது விமானத்துக்கு முன்னால் நின்று கைகாட்டுவது நான். ஷேக் தாவூத் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்கிறவன். செல்லையா எலக்ட்ரீஷியன், ஸ்டார்ட் செய்யக் கரன்ட் தரும் பேட்டரி வண்டி அவன் பொறுப்பு. இவர்கள் இருவரும் என்னோடு சர்வீஸில் இருந்தவர்கள். நாலாவது பூங்கொடி. கணபதிப் பகுதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறாள், நாற்பத்திரண்டு வயது. போன வருடம் எங்கள் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கட்டிக்கொடுக்க வந்தவள், அப்படியே ஒட்டிக்கொண்டாள். தீயணைப்பு சிலிண்டரோடு இறக்கைப் பக்கம் நிற்பது அவள் வேலை.

காலையில் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினோம். கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கி நிற்கும், அதை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் போச்சு. பிறகு நான் கையைச் சுழற்ற, தாவூத் ஸ்டார்ட் செய்ய, ஒன்பது சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தன. அந்தச் சத்தம் உள்ளங்கால் வழியாக ஏறி நெஞ்சில் உட்காரும். அடடா! எழுபது வயதுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

நிறுத்திய பிறகுதான் வம்பு. பூங்கொடி ஓடிவந்து, "ஐயா, நிக்கறப்ப கடைசி நாலு சுத்துல கீச்சுன்னு ஒரு சத்தம் வந்துதுங்க. ஜெனரேட்டர் பக்கமிருந்து. பேரிங் காஞ்சுபோன சத்தமுங்க" என்றாள்.

எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. செல்லையாவைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே சார்" என்றான். தாவூதும் இல்லை என்று தலையாட்டினான். சரி, சந்தேகம் எதற்கு என்று இரண்டாம் முறை ஓட்டி நிறுத்தினோம். "இப்பவும் வந்துச்சுங்களே!" என்கிறாள். நாங்கள் மூன்று பேர், சேர்ந்தால் எண்பத்தெட்டு வருட சர்வீஸ். ஒருவருக்கும் கேட்காதது தண்ணி மோட்டார் கட்டுகிறவளுக்குக் கேட்டதாம்!

விமானத்தின் பதிவேட்டில் எழுதினேன்: "தன்னார்வலர் ஒருவர் கூறிய சத்தம் இருமுறை சோதிக்கப்பட்டது. அப்படி எதுவும் இல்லை." மூவரும் கையெழுத்துப் போட்டோம். அவள் எட்டிப் படித்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

ஜூலை 2, ஞாயிறு

டி.வி. விஷயமாக வசந்தாவோடு தகராறு. நாங்கள் தினமும் சண்டை போடுகிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்களாம். கல்யாணமாகி நாற்பத்து நாலு வருடம், நான் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஊருக்கு வேறு வேலை இல்லை.

ஜூலை 8, சனி

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பழைய விமானப்படைக் குடும்பங்கள் இருநூறு பேர் வருகிறார்கள் என்று மேலாளர் சொன்னார். பந்தல், நாற்காலி எல்லாம் உண்டு. அன்றைக்கு முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டிக்காட்ட வேண்டும்.

அத்தனை பேருக்கு நடுவே ஒருத்தி சத்தம் சத்தம் என்று கத்தினால் நம் மானம் என்ன ஆவது? பூங்கொடியைக் கூப்பிட்டு, "அம்மிணி, இனி ஓட்டற வேலைக்கு நீ வேண்டாம். கண்ணாடி துடைக்கறது, பெயின்ட் சுரண்டறது பாத்துக்க" என்றேன். "நான் பொய் சொல்லலீங்கய்யா" என்றாள். "பொய்யின்னு சொல்லல. பழக்கமில்லாத காது, அவ்வளவுதான்" என்றேன். சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இது நான் போட்ட விதிதான். எஞ்சின் ஓடும்போது அருகில் நிற்கிறவர்களுக்குக் கண்ணும் காதும் திருத்தமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் குழுவில் இடமில்லை. ரெண்டு வருடம் முன்பு செல்லையாவுக்குக் கண்புரை வந்தபோது அவனைப் பைலட் சீட்டிலிருந்து இறக்கி, அங்கே தாவூதை உட்காரவைத்ததும் இந்த விதியால்தான். எல்லார் முன்னாலும் இறக்கினேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஆபரேஷன் முடிந்தும் சீட்டைக் கேட்கவில்லை. விதி என்றால் விதி.

ஜூலை 15, சனி

பூங்கொடி வரவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

ரேஷன் கடைப் பெண் என்ன சொல்கிறாள் என்றே விளங்கவில்லை. மூன்று தரம் கேட்டேன். கொரோனாவுக்கு மாஸ்க் போட்டதிலிருந்து ஜனங்களுக்கு வாயைத் திறந்து பேசும் பழக்கமே விட்டுப்போயிற்று. ஃபோனில் மகனும் அப்படித்தான் முணுமுணுக்கிறான். டெல்லியில் டவர் சரியில்லையாம், வசந்தாதான் சொன்னாள். அவன் பேசியதையெல்லாம் பிறகு அவள் என் எதிரே வந்து உட்கார்ந்து ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். அவளுக்குப் பொறுமை அதிகம்.

ஜூலை 22, சனி

இன்றும் வரவில்லை. "அந்தப் பிள்ள வராம ஒரு மாதிரி இருக்கு சார்" என்றான் செல்லையா. ஆமாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அவள் கொண்டுவரும் அரிசி முறுக்கு இல்லாமல் டீ இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஜூலை 29, சனி

அடுத்த வாரத்துக்கு ஒத்திகையாக ஐந்து நிமிடம் ஓட்டினோம். சார்ஜ் காட்டும் முள் நடுங்குகிறது என்று தாவூத் சொன்னான். செல்லையா ஒயர்களை எல்லாம் இறுக்கினான், அதற்குப் பிறகும் நடுங்குகிறது. பழைய மீட்டர், முள்ளுக்கும் வயதாகிறது என்று சொல்லி முடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு யோசனை. பேரிங்கே போயிருந்தால்? ஜெனரேட்டர் எஞ்சினோடு பல்சக்கரத்தில் சேர்ந்தது. முழு வேகத்தில் பேரிங் இறுகிவிட்டால் இரும்புத்தூள் எஞ்சினுக்குள் போகும். இந்த எஞ்சினுக்கு மாற்று நாடு முழுக்கத் தேடினாலும் கிடையாது. தீப்பிடித்தால் அதற்கு நேர் பின்னால் உட்கார்ந்திருப்பவன் தாவூத்.

ஆனால் கீச்சு வந்திருந்தால் எனக்குக் கேட்காமல் போகுமா? எத்தனை பேரிங்கை ஓசையை வைத்தே கழற்றச் சொன்னவன் நான். மூன்று பேருக்கும் கேட்கவில்லையே.

ஆகஸ்ட் 3, வியாழன், ஆடிப்பெருக்கு

வசந்தா புளிசாதம், தேங்காய்சாதம் எல்லாம் செய்துவிட்டு, பருப்பை அடுப்பில் ஏற்றி, "மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க, கோயிலுக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சமையலறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தேன். விசில் வரவே இல்லை. தீய்ந்த வாடை வந்தது. வசந்தா ஓடிவந்து அணைத்தாள். தெருமுனை வரைக்கும் விசில் கேட்டதாம்.

"என்னை என்ன செவிடன்னு நினைச்சியா? இங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன், விசிலே வரலை" என்றேன். அவள் தீய்ந்த பருப்பை வழித்துக் கொட்டினாள். பிறகு கொஞ்சம் தண்ணீர் மட்டும் ஊற்றி, மூடி, மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் குக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் வெயிட் தூக்கியது. ஆவி கூரை வரைக்கும் அடித்தது. புஸ்ஸென்று காற்றுப் போகிற மாதிரி ஏதோ கேட்டது, அவ்வளவுதான்.

வெயிட் பழுது. மத்தியானமே கடைத்தெருவுக்குப் போய்ப் புதிது வாங்கிவந்தேன்.

அதே நாள், மாலை

புது வெயிட்டும் விசிலடிக்கவில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

விடிந்ததும் வசந்தாவிடம் கேட்டேன். "எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"நாலு வருசமாச்சுங்க."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேனுங்களே. ரெண்டு தடவை. கேக்கலைன்னு சொன்னீங்க" என்று சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு வருடமாக இந்த வீட்டில் அவள் கத்திக் கத்திப் பேசியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் தொண்டையைத் தொட்டுப் பார்க்கவேண்டும் போல இருந்தது, தொட்டேன்.

பத்து மணிக்குக் கணபதிக்குப் போனேன். பட்டறை சின்னது, வாசல் வரைக்கும் மோட்டார்கள். பூங்கொடி ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, அதன் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினாள். வாங்கய்யா என்று சொன்னதில் பழைய கலகலப்பு இல்லை.

"அம்மிணி, எனக்குக் காது போச்சு" என்றேன். வரும்போது பஸ்ஸில் வேறு விதமாக, சுற்றி வளைத்து ஆரம்பிக்கத்தான் யோசித்து வைத்திருந்தேன். வாயில் இதுதான் வந்தது. "நீ சொன்ன சத்தம் இருந்திருக்கும். இருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. தெரியாம எழுதிட்டேன்."

அவள் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் காட்டினாள். "ஐயா, இதை வெச்சுத்தானுங்க எனக்குப் பொழப்பு. இருபது வருசமா ஒரு தடவை கேட்டா போதும், இன்னதுன்னு சொல்லிருவேன். நீங்க அப்படி எழுதினதுக்கப்பறம் ஒவ்வொரு மோட்டாரையும் ரெண்டு தடவை, மூணு தடவை ஓட்டிப் பாக்கறனுங்க. ஒரு மாசமா இப்படித்தான். நல்ல மோட்டார்ல கூட ஏதோ கேக்கற மாதிரி இருக்குது."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என் காதைக் காப்பாற்ற அவள் காதைக் கெடுத்திருக்கிறேன்.

"அப்ப ஏனுங்கய்யா என்னை நம்பல?" என்றாள்.

"உன்னை நம்பினா எனக்குக் கேக்கலைன்னு ஆயிருமே. அதுக்குப் பயந்துட்டேன்."

பட்டறைப் பையனை டீ வாங்கி வரச் சொன்னாள். இரண்டு பேரும் குடித்தோம். நாளைக் காலை ஆறு மணிக்கு ஸ்பேனர் செட்டோடு வந்துவிடுகிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 5, சனி

எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

ஏழு மணிக்கு மேலாளரிடம் இன்று எஞ்சின் ஓடாது என்றேன். ஆடிப்போய்விட்டார். இருநூறு பேர் ஒன்பது மணிக்கு வருகிறார்கள், என்ன காரணம் என்று கேட்டார். "ஜெனரேட்டரைக் கழட்டணும். ஒரு மாசம் முன்னாடியே கழட்டியிருக்கணும். தப்பு என்னோடது" என்றேன். பதிவேட்டை எடுத்து ஜூலை ஒன்றாம் தேதி எழுதியதன் கீழே, "மேலே கண்டது தவறு. கையெழுத்திட்டவருக்குச் செவித்திறன் குறைவு" என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

பிறகு தாவூதையும் செல்லையாவையும் கூப்பிட்டு அவர்களிடமும் சொன்னேன். "என் விதிப்படி இனிமே நான் முன்னால நிக்கக்கூடாது. கழட்டி முடிச்சதும் வீட்டுக்குப் போறேன்."

செல்லையா சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே ஒரு ஜோடி காது மெஷின்.

"மூணு வருசமா இருக்கு சார். வாசல்ல பஸ்ஸ விட்டு இறங்குததும் கழத்திப் பையில போட்டுக்கிடுவேன். கண்ணுக்கே சீட்டு போச்சு. காதும் போச்சுன்னா கேட்டுக்குள்ளயே விடமாட்டியன்னு பயம். அன்னிக்கு அந்தப் பிள்ள சொன்னப்ப எனக்கு மெய்யாவே ஒண்ணும் கேக்கல. நீங்களும் எதுவும் இல்லன்னு எழுதுனதும், அப்பம் சத்தமே இல்லன்னு நெனச்சுட்டேன்."

தாவூத் தொண்டையைச் செருமினான். "எனக்கு இடது காது சுத்தமா இல்லைண்ணே. வலது பாதி."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எண்பத்தெட்டு வருட சர்வீஸ்! மூன்று செவிடர்கள் ஒன்றுகூடி ஒருத்திக்குக் காது சரியில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பூங்கொடிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் தாவூத். அப்புறம் நாங்கள் எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். எனக்கு வந்த தண்ணீர் முழுக்கச் சிரிப்பினால் வந்தது இல்லை. எனக்குப் பயந்து அறுபத்தைந்து வயது மனுஷன் பஸ் ஸ்டாப்பில் நின்று காதைக் கழற்றிப் பையில் போட்டிருக்கிறான்.

எட்டு மணிக்கு ஜெனரேட்டர் வெளியே வந்தது. பேரிங்கில் இரண்டு குண்டுகள் உடைந்து, மீதி எல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. கிரீஸ் கரியாகிவிட்டது. இருபது நிமிட முழு வேகத்தைத் தாங்கியிருக்காது. தாவூத் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தான் உட்காரும் இடத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். பூங்கொடியிடம் போய் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை, அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது.

வந்த குடும்பங்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பூங்கொடி அந்தப் பேரிங்கைத் தட்டில் வைத்துப் பந்தலில் வரிசையாகக் காட்டி, எஞ்சினைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். கைதட்டினார்கள்.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செல்லையா குறுக்கே வந்து நின்றுவிட்டான். "எங்க போறிய? அந்த விதிய எழுதுனவரே அத மாத்தி எழுதிட்டுப் போங்க" என்றான். உட்கார்ந்து எழுதினோம். கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் காலையில் வந்ததும் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். சொன்னவருக்கு ஏற்ற வேலை கொடுக்கப்படும். யாரும் வெளியே அனுப்பப்பட மாட்டார்கள்.

ஆகஸ்ட் 12, சனி

காது டாக்டர். வசந்தாவும் வந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் அழுத்தாமலேயே உட்கார்ந்திருந்தேன். மெஷின் வைத்தால் பேச்சு நன்றாகக் கேட்குமாம். கீச்சு, விசில் மாதிரி ரொம்ப உச்சமான சத்தங்கள் போனது போனதுதானாம், மெஷினாலும் திரும்பாது.

ஆகஸ்ட் 21, திங்கள்

மெஷின் வந்துவிட்டது. "மெதுவாப் பேசு வசந்தா, எல்லாம் கேக்குது" என்றேன். அவளால் முடியவில்லை. நாலு வருடப் பழக்கம், கத்தித்தான் வருகிறது. ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகப் பேசிப் பழகினாள். பக்கத்து வீட்டில் இனி என்ன நினைப்பார்களோ!

செப்டம்பர் 2, சனி

ஒன்னு ஒன்னு ஏழு ஓடியது.

புது பேரிங்கைப் பூங்கொடியே போட்டாள். முன்னால் நின்று கைகாட்டியதும் அவள்தான். நான் பேட்டரி வண்டிப் பக்கம். செல்லையாவுக்குக் கண் இப்போது தெளிவாக இருக்கிறது, பைலட் சீட்டில் அவனை உட்காரச் சொன்னேன். தாவூத் தீயணைப்பு சிலிண்டரை எடுத்துக்கொண்டு வழிவிட்டான். செல்லையா ஏறி உட்கார்ந்து ரெண்டு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பத்து நிமிடம் ஓடியது. நிறுத்தும்போது பூங்கொடி காதுமூடியைக் கழற்றிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ப்ரொப்பெல்லர் கடைசிச் சுற்று சுற்றி நின்றது. நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டைவிரலை உயர்த்தினாள்.

"சுத்தமா இருக்குதுங்க. பட்டறையிலயும் இப்ப ஒரு தடவைதான் கேக்கறேன்" என்றாள்.

டீ குடிக்கும்போது எனக்கு ஓர் ஆசை வந்தது. "அம்மிணி, அன்னிக்கு வந்த சத்தம் எப்படித்தான் இருந்துச்சு? ஒரு தடவை செஞ்சு காட்டு" என்றேன். வெட்கப்பட்டாள். இத்தனை ஜனம் இருக்கிறது என்றாள். நான் விடவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, பல்லிடுக்கில் காற்றை இழுத்து ஒரு சத்தம் எழுப்பினாள். வாசலில் படுத்திருந்த நாய் துள்ளி எழுந்தது. டிக்கெட் கவுன்ட்டர் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். விமானத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் மெஷினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

"கேக்கலியே அம்மிணி" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. சொல்வதற்கு ஒன்றுமே கஷ்டமாக இல்லை. செல்லையாவும் தாவூதும் தங்களுக்கும் கேட்கவில்லை என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை மூச்சை இழுத்தாள்.